மில்லிங் மெஷின்ல கட்டரப் பிடிக்கிற 40-ம் நம்பர் ஹோல்டர் எல்லாம் ஒண்ணா? மாத்திப் போட்டவங்க அனுபவம் சொல்லுங்க

கோணம், வி.எம்.சி ஆபரேட்டர்:
எங்க வி.எம்.சி, அதாவது தானா டூல் மாத்துற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின், பி.டி 40 வகை ஹோல்டர் எடுக்கிறது. செகண்ட்ஸ்ல ஒரு பெட்டி ஹோல்டர் வாங்கினோம். "எல்லாம் 40-தான், கண்ண மூடிட்டுப் போடுங்க"ன்னு வித்தவரு சொன்னாரு. கையால ஸ்பிண்டில்ல ஏத்திப் பாத்தா கச்சிதமா உக்காருது. உக்காரத்தான் செய்யும். பி.டி, கேட், எஸ்.கேன்னு ஹோல்டர் வகை மூணு, மூணுக்கும் கூம்போட சரிவும் விட்டமும் ஒண்ணுதான்: 7/24 சரிவு (24 மில்லி நீளத்துக்கு 7 மில்லி விட்டம் குறையும்), கேஜ் லைன்ல, அதாவது கூம்போட பெரிய முனையில, 44.45 மில்லி விட்டம். வித்தியாசம் கூம்பு நீளத்துலயும், கூம்புக்குக் கீழ உள்ள காலர் வளையத்துலயும் இருக்கு. வெர்னியர் வச்சுப் பாத்தோம். பி.டி-க்குக் கூம்பு நீளம் 65.4 மில்லி, வந்தது 68.4. அதாவது எஸ்.கே, இல்லன்னா கேட். இதுங்களுக்குக் காலர் தடிமனும் பி.டி மாதிரி கிடையாது, வி பள்ளம் வேற இடத்துல நிக்குது. டூல் சேஞ்சர் கை அதத்தான் பிடிக்கணும். பிடி சரியில்லாம ஹோல்டர் பாதி வழியில விழுந்தா டேபிளும் போச்சு, கட்டரும் போச்சு. பெட்டியத் திருப்பி அனுப்பிட்டோம்.

தக்கலை, டூல் ரூம்:
அண்ணே, அதவிடப் பெரிய ஆபத்து புல் ஸ்டட், ஹோல்டர் வால்ல முறுக்குற குமிழ், அதப் பிடிச்சுதான் ஸ்பிண்டில் ஹோல்டர உள்ள இழுக்கும். கேட் ஹோல்டருக்கு வழக்கமா 5/8 அங்குல மரை, அதனால கைக்கே தெரிஞ்சிரும். எஸ்.கே 40, பி.டி 40 ரெண்டுக்கும் எம்16, அதாவது 16 மில்லி மரை. எதுல எத வேணும்னாலும் முறுக்கலாம், இறுகவும் செய்யும். ஆனா தலை அளவு வேற. பி.டி-லயே தலைக்கு அடியில உள்ள சரிவு 45 டிகிரியும் உண்டு, 60 டிகிரியும் உண்டு. எங்களுக்கு 45-க்குப் பதிலா 60 வந்து, ஃபேஸ் மில் ஓடும்போது சத்தம் மாறிச்சு. உடனே நிறுத்தி ஸ்டட்டக் கழட்டிப் பாத்தேன். ஸ்பிண்டிலுக்குள்ள உள்ள பிடி விரல் படுற சரிவு முழுக்கப் பளபளன்னு பட்டையா தேஞ்சிருக்கணும். அங்க இருந்தது ஓரத்துல மயிரிழை கணக்கா ஒரு கோடு மட்டும். அவ்வளவு நூல் பிடியில ஒரு ஃபேஸ் மில் தொங்கியிருக்கு! ஸ்டட் பெட்டி வந்தா ஒவ்வொண்ணையும் பழையதோட பக்கத்துல வச்சுப் பாக்காம மாட்டாதீங்க.

குளச்சல், போட் ஷாஃப்ட் வேலை:
எங்ககிட்ட உள்ளது பழைய கை மில்லிங், ஸ்பிண்டில் வழியா டிராபார்ங்கிற நீள போல்ட்டப் போட்டு ஹோல்டர இழுக்கிறது. டூல் சேஞ்சர் இல்லாததால காலர் எங்கள அவ்வளவா தொந்தரவு பண்ணாது. கேட் ஹோல்டரையே போட்டு ஓட்டுறோம், ஸ்பிண்டில் முகத்துல உள்ள சாவிக் கட்டை காலர் பள்ளத்துல ஒழுங்கா விழுதான்னு மட்டும் பாப்போம். மரைதான் கவனம். 5/8 அங்குலம்னா 15.875 மில்லி, எம்16-க்கு ரொம்பப் பக்கம். ரெண்டு சுத்து ஏறி அப்புறம் இறுகும். "துரு பிடிச்சிருக்கு"ன்னு ஸ்பானர் போட்டு அமுக்கினா ரெண்டு மரையும் காலி.

மார்த்தாண்டம், லேத்:
லேத், டிரில் மெஷின்ல வர்ற மோர்ஸ் டேப்பர்ங்கிற கூம்பு பத்தியும் சொல்லணும். அது தானா பிடிச்சு நிக்கிற கூம்பு, டிரிலுக்கு அருமை. பின்னால டிராபார் இல்லாம அதுல எண்ட் மில் மாட்டிப் பக்கவாட்டுல வெட்டாதீங்க மக்கா, அதிர்வுல கழண்டு வந்துரும். 7/24 அப்படிப் பிடிக்காது, இழுத்துப் பிடிச்சாதான் நிக்கும். சின்ன மோர்ஸ் கூம்ப பெரிய ஓட்டையில போட உதவுற ஸ்லீவ் வாங்கினா, புளூ (ஒட்டுற இடத்தக் காட்டுற நீல மை) தடவிச் சோதிங்க. நீலம் பெரிய முனையில மட்டும் ஒட்டினா அந்த ஸ்லீவ் வேண்டாம்.

கோணம், வி.எம்.சி ஆபரேட்டர்:
தக்கலை அண்ணே, எங்க மெஷினுக்கு 45-ஆ 60-ஆன்னு எங்க பாக்கணும்? பழைய ஸ்டட்ல நம்பர் அழிஞ்சிருக்கு.

தக்கலை, டூல் ரூம்:
மெஷின் மேனுவல்ல ஸ்டட் படம் கோணத்தோட இருக்கும், அதுதான் பேச்சு. மேனுவல் இல்லன்னா மெஷின் சீரியல் நம்பர் சொல்லிக் கம்பெனி சர்வீஸ்ல கேளுங்க. தெரியிற வரைக்கும் புது ஸ்டட் ஏத்தாதீங்க.