தலைவர்களைக் கிண்டலடித்துத் திருவிழாவில் பாட்டு – யோசனை வேண்டும்

கொட்டகலை பையன்:
வணக்கம். இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழா கடைசி ராத்திரிக்கு இளைஞர் மன்றத்தில் ஊழலையும் பதவி ஆசையையும் கிண்டலடித்து ஒரு பாட்டு போடலாம் என்று இருக்கிறோம். விஷயத்துக்குப் பஞ்சமில்லை, தேர்தல் வந்தால் கூரைத் தகரம், முடிந்தால் ஆளைக் காணோம், வீடு கட்டித் தருகிறேன் என்று நட்ட அடிக்கல்லில் இப்போது துணி காய்கிறது. மெட்டில்தான் சண்டை. கானா வேண்டும் என்று ஒரு கூட்டம், ராப் என்று இன்னொரு கூட்டம். நம் பக்கத்தில் இந்த மாதிரிப் பாட்டு முன்னாடியே இருக்கிறதா?

ஹட்டன் வாத்தியார்:
இல்லாமலா தம்பி? வேலை வாங்குகிற கங்காணியையும் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையையும் வாய்விட்டுத் திட்ட முடியாத காலத்தில் நம் ஆட்கள் பாட்டில்தான் திட்டினார்கள். அரைநாள் கூலி மட்டும் எழுதி அரைப்பேர் போடுகிற கங்காணி, கடனில் அமுக்கிவைக்கிற பெரிய கங்காணி, எல்லாரும் அதில் வருவார்கள். மலையகக் கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டுப் பாடல்களைத் தேடிப் படி. அவரே 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர்.

பதுளைக்காரன்:
சிங்களவர்களின் ஆட்டப் பாட்டான பைலாவை விட்டுவிட்டீர்களே சார். ஜிப்சீஸ் இசைக்குழுவின் பாடகர் சுனில் பெரேரா 2021இல் கொரோனாவில் போய்விட்டார், அவர் மாதிரி நாட்டு அரசியலைச் சிரித்துக்கொண்டே கிழித்தவர்கள் குறைவு. ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. மெட்டு அவ்வளவு ஜாலி, பாட்டில் திட்டு வாங்குகிற ஆளே கல்யாண வீட்டில் அதற்குக் கை தட்டி ஆடிவிட்டுப் போவார், ஒன்றும் உறைக்காது.

மஸ்கெலியா அக்கா:
கொழும்பில் இருக்கிறவனைப் பாடுவது லேசு தம்பி. மாசாமாசம் சம்பளத்தில் சந்தா வெட்டுகிற நம் தொழிற்சங்கத் தலைவர்களைப் பாடுவீர்களா? நாள் சம்பளம் 1000 ரூபா என்று வருடக்கணக்கில் இழுத்து 2021இல் குறைந்தபட்சக் கூலியை முடிவு செய்கிற அரசாங்கச் சம்பளச் சபை மூலம்தான் வந்தது, அதற்குள் தலைவர்களுக்கு எத்தனை மாலை, எத்தனை பட்டாசு! இன்னொன்று, தகரப் பட்டியலில் பேர் முதலில் வரட்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாகத் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டியதும் நம் லயத்து வரிசை வீட்டு ஆட்கள்தான். அப்படித் தட்டிய ஆளையும் பாட்டில் போடுங்கள், நம் சுயநலத்தை விட்டுவிட்டுத் தலைவனுடையதை மட்டும் பாடினால் அது தேர்தல் பாட்டு மாதிரி ஆகிவிடும். ஆமாம், சவுண்ட் செட் யார் காசு?

கொட்டகலை பையன்:
அக்கா, சரியாகப் பிடித்தீர்கள். ஒரு பிரதேச சபை உறுப்பினர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஹட்டன் வாத்தியார்:
அப்போ அவர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நீங்கள் பாதியிலேயே வரியை மாற்றுவீர்கள். செட்டே வேண்டாம். இரண்டு தப்பு மேளம் போதும், நம் காமன் கூத்து நாடகத்துக்கு அதை அடிக்கிறவர்கள் உங்கள் பக்கம் இருப்பார்களே. கோமாளி வேஷம் ஒன்று போடுங்கள், அவன் வாயில் எதை வைத்தாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும். ஆள் பேரைச் சொல்லாதீர்கள், நடையையும் வெள்ளைச் சட்டையையும் காட்டினால் போதும்.

கொட்டகலை பையன்:
சரி சார், தப்புக்கார மாமாவிடம் இன்றைக்கே கேட்கிறேன். தகரத்துக்குக் கதவு தட்டுகிற இடத்தை அக்காவே நாலு வரி எழுதிக் கொடுங்களேன். ராப் கூட்டத்தைத்தான் எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை.