சதோஷி கோன் படங்கள் உங்களுக்கு எப்படி அறிமுகம் ஆச்சு? அனுபவம் பகிருங்க மக்களே

நள்ளிரவுரயில்:
அனிமேன்னாலே, அதாவது ஜப்பான் அனிமேஷன்னாலே, டைரக்டர் மியாசாகிய பத்தி மட்டும்தான் பேசறோம், அதே ஊர் டைரக்டர் சதோஷி கோனுக்குன்னு தனியா ஒரு திரி வேணும்னு ரொம்ப நாளா ஆசை. முதல்ல எந்தப் படம் பாத்தீங்க, அது உங்கள என்ன பண்ணுச்சு, எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு பெர்ஃபெக்ட் ப்ளூ (1997). ஹாஸ்டல்ல சீனியர் ஒருத்தர் ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் குடுத்தார், ராத்திரி தனியா பாக்காதன்னு மட்டும் சொன்னார், நான் ராத்திரி தனியாத்தான் பாத்தேன். மீமான்னு ஒரு பொண்ணு, மூணு பேர் பாடற ஒரு பாப் குரூப்ல இருந்து விலகி நடிக்க வர்றா. நெட்ல யாரோ அவ பேர்ல டைரி எழுதிட்டு இருக்கான், அதுல அவ ரயில்ல இருந்து எந்தக் கால முதல்ல வெச்சு இறங்குவாங்கறது வரைக்கும் இருக்கு. முதல்ல படிச்சு சிரிக்கிறா, கொஞ்ச நேரத்துல அந்த சிரிப்பு போயிடுது. அவளுக்கே பிரவுசர்னா என்னன்னு ஒருத்தங்க உக்காந்து சொல்லித்தர்ற காலம்ங்க அது! இன்னிக்கு ஃபேக் ஐடி, ஸ்டாக்கிங்னு நாம பேசறதெல்லாம் கோன் அப்பவே எடுத்து வெச்சுட்டார். அப்புறம் பின்பாதில அவ தூங்கி எழுந்துக்கறா, மறுபடி எழுந்துக்கறா, மறுபடியும். எது ஷூட்டிங், எது கனவு, எது நிஜம்னு அவளுக்கும் தெரியல நமக்கும் தெரியல, நான் பாதியில நிறுத்திட்டு எழுந்து ரூம் லைட்ட போட்டேன்.

அப்புறம் தேடிப் படிச்சப்போதான் தெரிஞ்சது, இது முதல்ல ஆளுங்க நடிக்கிற படமா வர வேண்டியது, 1995 கோபே பூகம்பத்துக்கு அப்புறம் பட்ஜெட் சுருங்கி, வீடியோவுல மட்டும் வர்ற அனிமேஷனா மாறி, அது கோன் கைக்கு வந்திருக்கு. அவர் டைரக்ட் பண்ண முதல் படமே இதுதான்.

அக்காஅனிமே:
நான் குடும்பத்தோட பாத்த கதைய சொல்றேன். எங்கம்மாவுக்கு அனிமேஷன்னா சின்னப் பசங்க சமாச்சாரம். ஒரு ஞாயித்துக்கிழமை கரன்ட் இருந்துச்சு கேபிள் இல்ல, வேற வழியில்லாம டோக்கியோ காட்ஃபாதர்ஸ் (2003) போட்டேன். கிறிஸ்துமஸ் ராத்திரி, வீடு வாசல் இல்லாம தெருவுல இருக்கற மூணு பேர், குடிச்சுக் குடிச்சு வாழ்க்கைய தொலைச்ச கின், ஹானான்னு ஒரு திருநங்கை, வீட்ட விட்டு ஓடிவந்த மியுகி, இவங்க குப்பைக்குள்ள ஒரு கைக்குழந்தைய கண்டெடுக்கறாங்க. குழந்தைய போலீஸ்ல குடுத்துடலாம்னு கின் சொல்றான், ஹானா மாட்டேங்கறா, ஒரு ராத்திரியாவது நான் அம்மாவா இருந்துக்கறேனேன்னு கெஞ்சறா. எங்கம்மா அதுவரைக்கும் கீரை ஆய்ஞ்சிட்டு இருந்தவங்க அப்படியே தட்டத் தள்ளி வெச்சுட்டாங்க. "பெத்தாத்தானா அம்மா" அப்படின்னாங்க, அவ்ளோதான், கடைசி வரைக்கும் வேற பேச்சே இல்ல.

இதுல நான் சொல்ல நெனச்சது என்னன்னா, கோன்னா மண்டையக் குழப்பற படம் எடுக்கறவர்னு ஒரு பேர் இருக்கு, இந்தப் படத்துல அந்தக் குழப்பம் எதுவும் இல்ல, ஆனா தற்செயல் மேல தற்செயலா நடக்கும், நிஜத்துல இப்படி நடக்குமான்னு கேக்கவே தோணாது. அவர் கூட சேந்து திரைக்கதை எழுதினவங்க கெய்கோ நோபுமோட்டோ, கௌபாய் பீபாப்ங்கற அனிமே தொடர் எழுதினவங்க. திரும்பப் பாக்கறவங்க பின்னாடி இருக்கற கட்டடங்கள கவனிங்க, ஜன்னலும் விளக்குமா சேந்து மனுஷ மூஞ்சி மாதிரி நிக்கும்.

கட்அண்ட்பேஸ்ட்:
நான் எடிட்டிங் வேலைல இருக்கேன், கல்யாண வீடியோவுல ஆரம்பிச்சு இப்போ விளம்பரம். எனக்கு ஒரு கட், அதாவது ஒரு ஷாட்ல இருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவறது, அதுன்னா என்னன்னு புரிய வெச்சது மில்லெனியம் ஆக்ட்ரஸ் தான் (2001).

சியோகோன்னு ஒரு வயசான நடிகை, முப்பது வருஷமா யாரையும் பாக்காம ஒதுங்கி இருக்கறவங்க. பேட்டி எடுக்க வந்தவரும் கேமராமேனும் அவங்க சொல்லச் சொல்ல அந்த நினைவுக்குள்ளயே போய் நிக்கறாங்க, கேமராவத் தூக்கிட்டு பின்னாடியே ஓடறாங்க. சின்ன வயசுல ஒளிஞ்சு ஓடிட்டு இருந்த ஒரு ஓவியரப் பாத்து, அவர் விட்டுட்டுப் போன சாவிய வெச்சுக்கிட்டு வாழ்க்கை பூரா தேடறாங்க. அந்தத் தேடலும் அவங்க நடிச்ச படங்களும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிடும். குதிரைல போவாங்க, ரிக்‌ஷா, சைக்கிள், அடுத்து நிலாவுக்கே போயிடுவாங்க, ஆனா ஓட்டம் மட்டும் நிக்காது. ஒரு காலத்துல இருந்து இன்னொரு காலத்துக்குப் போறோம்னு தலைப்புக் கார்டு போடறதில்ல, மங்கலாக்கறதில்ல, ஓடற உடம்புதான் ரெண்டையும் ஒட்ட வைக்குது. நான் அந்த சீன டைம்லைன்ல போட்டு ஃப்ரேம் ஃப்ரேமா தள்ளிப் பாத்திருக்கேன், எங்க மாறுதுன்னு கண்டுபிடிச்ச பிறகும் ப்ளே பண்ணா திரும்ப ஏமாத்துது.

இதெல்லாம் வானத்துல இருந்து குதிக்கல. கோன் குஷிரோங்கற ஊர்ல வளந்து, முசாஷினோ கலைக் கல்லூரில படிச்சு, மங்கா (ஜப்பான் காமிக்ஸ்) வரைஞ்சு, அகிரா படம் எடுத்த ஒட்டோமோகிட்ட வேலை கத்துக்கிட்டவர். பாட்லேபர் 2ங்கற அனிமே படத்துக்கு லேஅவுட், அதாவது ஒவ்வொரு ஷாட்லயும் எது எங்க இருக்கணும்னு வரையறது, போட்டிருக்கார். மெமரீஸ் (1995) படத்துல மேக்னெடிக் ரோஸ்னு முதல் கதை வருமே, அதோட திரைக்கதை கோன்தான், அதுலயும் நினைவுக்குள்ள மாட்டிக்கிட்ட ஒரு பாடகிதான். அப்போ இருந்தே மனுஷன் மண்டைல இதேதான் ஓடிட்டு இருந்திருக்கு.

நீலச்சாவி:
@கட்அண்ட்பேஸ்ட் சூப்பரா சொன்னீங்க ப்ரோ. நான் பாட்டு வழியா வந்தவன். பாப்ரிகா (2006) ஊர்வலம் வரும்போது, ஃப்ரிட்ஜும் பொம்மையும் தவளையும் கூட்டமா நடந்து வரும்போது அடிக்கிற மியூசிக், சுசுமு ஹிராசாவா. முதல் தடவை கேட்டப்போ உடம்பு சிலிர்த்துடுச்சு. மில்லெனியம் ஆக்ட்ரஸ், டிவில வந்த பாரனோயா ஏஜென்ட் (2004), எல்லாம் அவரேதான்.

வெயில்மழை:
நான் லேட்டா வந்தவ, கோன் போய் ரொம்ப வருஷம் கழிச்சு. படத்துக்கு முன்னாடி அவர் எழுதின கடைசிக் கடிதத்ததான் படிச்சேன். 2010 மே மாசம் கணையப் புற்றுநோய்னு சொல்லிட்டாங்க, ஆகஸ்ட் 24 போயிட்டார், வயசு 46. இறந்த பிறகு அவரோட தளத்துல வந்த கடிதம் அது. வீட்லயே சாகணும்னு ஆஸ்பத்திரிய விட்டு வந்தது, உன்ன இன்னும் திடமான உடம்போட பெத்திருக்கணும்னு அம்மா அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டது, எல்லாம் நேரா எழுதியிருக்கார். பாதில நின்ன ட்ரீமிங் மெஷின் படத்த பத்தி மேட்ஹவுஸ் ஸ்டுடியோ தயாரிப்பாளர் மருயாமாகிட்ட மன்னிப்புக் கேக்கறார், நாங்க பாத்துக்கறோம்னு அவர் சொன்னதும் அழுதுட்டேன்னு எழுதறார். உலகத்துல இருக்கற நல்லதுக்கெல்லாம் நன்றி சொல்லிட்டு முடிக்கிறார். இத படிச்சு அழாதவங்க இருக்க முடியாது.

ட்ரீமிங் மெஷின்ல மனுஷங்களே கிடையாது, எல்லாம் ரோபோ, குழந்தைங்களும் பாக்கற மாதிரி யோசிச்சிருந்தார். மருயாமா எவ்வளவோ வருஷம் முட்டி மோதியும் அது வரல. எனக்கு அது வராததுதான் சரின்னு படுது. வேற யார் முடிச்சாலும் கோன் கட் பண்ண மாதிரி இருக்காது.

பாப்ரிகா கடைசில அந்த போலீஸ்காரர் தியேட்டருக்குப் போறாரே, அங்க வரிசையா கோனோட பழைய பட போஸ்டர்ங்க இருக்கும். டிக்கெட் வாங்கறதோட படம் முடியும். அவர் முடிச்ச கடைசி முழுநீளப் படத்தோட கடைசி சீன் அதுதான்.

நள்ளிரவுரயில்:
எல்லாருக்கும் நன்றி. புதுசா வர்றவங்க எந்தப் படத்துல ஆரம்பிக்கறதுன்னு கேட்டுட்டே இருக்கீங்க, அதனால சொல்லிடறேன். வீட்ல எல்லாரோடயும்னா டோக்கியோ காட்ஃபாதர்ஸ். தனியான்னா மில்லெனியம் ஆக்ட்ரஸ். பெர்ஃபெக்ட் ப்ளூல பலாத்காரக் காட்சி, ரத்தம் எல்லாம் ரொம்ப இருக்கு, பசங்க இருந்தா கண்டிப்பா போடாதீங்க, உங்களுக்கே மனசு சரியில்லாத நாள்னா அன்னிக்கு வேண்டாம். பாப்ரிகாவ மட்டும் கடைசியா வெச்சுக்கோங்க, மத்த மூணையும் பாத்துட்டு வந்தாத்தான் அந்த போஸ்டர் சீன் வேலை செய்யும். பாரனோயா ஏஜென்ட் 13 எபிசோட், அத பாத்தவங்க யாராவது அடுத்து எழுதுங்க.