சுங்கை சிப்புட்டில் வீடு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பா தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பேராக், மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு மாடி தெரஸ் வீடு (வரிசை வீடு) தேடுகிறேன். வங்கியில் விசாரித்து வருவதற்குள் வேறொருவர் முன்பணம் கட்டிவிடுகிறார். இப்படியே மூன்று வீடு போச்சு.

இப்போது பார்த்த வீடு 220,000 வெள்ளி (ரிங்கிட்). ஏஜெண்டு முன்பணத்தைச் சீக்கிரம் கட்டச் சொல்கிறார். லோன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பி வரும் என்பது வாய்ச்சொல்தான். எழுதி வாங்கினீர்களா? எப்படி எழுத வேண்டும்?

நிலம் 99 ஆண்டு குத்தகை, 58 ஆண்டுதான் மீதி. வங்கி தயங்குமா?

ஏல வீடு மலிவு. ஆனால் கெடுவுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் 10 விழுக்காடு வைப்புத்தொகை போய்விடும், பயமாக இருக்கிறது. வாங்கி விற்று லாபம் பார் என்கிறான் தம்பி. மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி என்பது அவனுக்குத் தெரியாது! அப்பாவுக்கு ஒரு கூரை, அவ்வளவுதான் எனக்கு.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.