1995 இடப்பெயர்வு பற்றிய நாவலில் எதைக் கற்பனை செய்யலாம்?

வலிகாமத்து வாசகி:
1995 ஒக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கியபோது யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி மக்கள் கிழக்கே தென்மராட்சிப் பகுதிக்கு இடம்பெயர்ந்ததைக் களமாகக் கொண்டு நாவலொன்றை எழுதத் தொடங்கியுள்ளேன். அன்றிரவு மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் இன்னமும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களுடைய நினைவுகளுள் சில ஒன்றையொன்று மறுக்கின்றன. நடந்ததைத் திரிக்காமலும் வெறும் ஆவணமாகச் சுருக்காமலும் எழுதுவதற்கு எதைக் கற்பனைக்கு விடலாம், எதைத் தொடக்கூடாது?

கந்தர்மடத்தான்:
திகதி, பாதை, வெளியேறச் சொன்னவர் யார், படை எங்கே நின்றது ஆகியவற்றைத் தொடாதீர்கள். மனிதர்களைப் படைப்பது உங்கள் உரிமை. ஸ்கொட்லாந்து எழுத்தாளர் வோல்டர் ஸ்கொட் 1814இல் வெளியிட்ட 'வேவர்லி' நாவல், பிரித்தானிய அரசுக்கு எதிராக ஸ்கொட்லாந்தில் எழுந்த 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைச் சொல்லும்போது அதற்குத் தலைமை தாங்கிய இளவரசரை நாயகனாக்காமல், இரு தரப்புக்கும் நடுவே தடுமாறும் கற்பனை இளைஞன் ஒருவனை நாயகனாக்கியது. அதனாலேயே இரு பக்கத்து நியாயங்களும் ஒரே மனத்துக்குள் மோத முடிந்தது. முரண்படும் நினைவுகளை இணக்கப்படுத்த வேண்டியதில்லை. ஒரே பாலத்தை இருவர் இரு விதமாகக் கடக்கட்டும்.

சோனகதெருப் பேரன்:
இதே ஒக்டோபர் 30ஆம் திகதிதான், ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தனர். உங்கள் பாத்திரங்கள் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் எங்கள் வெறும் வீடுகளைக் கடந்து சந்தைக்குப் போய்வந்தவர்கள். அவர்கள் அதைப் பற்றித் தம் வீட்டுக்குள் என்ன பேசினார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள், தாம் மூட்டை கட்டிய இரவில் எங்களை நினைத்தார்களா என்பவற்றுக்கு வரலாற்றாசிரியரிடம் அதிகம் சான்று இராது. நாவலாசிரியர் நுழைய வேண்டிய இடம் அதுவே. நல்ல முஸ்லிம் நண்பர் ஒருவரை ஓர் அத்தியாயத்தில் வரவழைத்துக் கண்ணீருடன் வழியனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

பழைய ஆசிரியர்:
மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். இன்னொன்றையும் கவனியுங்கள். ஜாம் போத்தல் விளக்கும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்பதும் போரின்போது யாழ்ப்பாணத்துக்குப் பொருள்கள் வராமல் தடுக்கப்பட்டிருந்த பொருளாதாரத் தடைக் காலக் கதைகளில் அலங்காரமாகிவிட்டன. பொருளொன்று பாத்திரத்தின் முடிவை மாற்றினால் மட்டும் எழுதுங்கள்: ஒரே சைக்கிளில் நடக்கமாட்டாத ஆச்சியை ஏற்றுவதா, அரிசி மூட்டையை ஏற்றுவதா என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தால் அந்தச் சைக்கிளுக்கு நாவலில் வேலை உண்டு.

பாலத்தோடு கதையை முடித்துவிடாதீர்கள். தென்மராட்சியில் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் தங்கியவர்களுள் பெருந்தொகையானோர் 1996 ஏப்ரலில் இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்த ஊருக்குத் திரும்பினர். ஏனையோர் வன்னிக்குச் சென்றனர். சில குடும்பங்கள் அங்கேயே இரண்டாகப் பிரிந்தன. மழையிரவைப் பலரும் பலமுறை சொல்லிப் பழகிவிட்டார்கள். திரும்புவதா, வன்னிக்குப் போவதா என்று வீட்டுக்குள் நடந்த வாக்குவாதத்தைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள்.