பிக்னோர் ரோமானிய மொசைக் தரைகள்: கிராமத்திலேயே இருக்கலாமா, லண்டனுக்குப் போக வேண்டுமா?

சாலைவாசி:
இங்கிலாந்தில் மேற்கு சசெக்ஸ் பக்கம் பிக்னோர் என்று ஒரு சின்ன கிராமம். 1811-ல் ஜார்ஜ் டப்பர் என்ற விவசாயி உழும்போது கலப்பை ஒரு கல்லில் தட்டியது. தோண்டினால் ரோமானியர் காலத்துப் பெரிய பண்ணை வீடு, தரையெல்லாம் மொசைக், அதாவது சின்னச் சின்னக் கல் துண்டுகளைப் பதித்துப் போட்ட படங்கள். இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. இப்போதுதான் போய் வந்தேன். தரைகள் அபாரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவை வைக்கோல் கூரை போட்ட பழைய கட்டடங்களுக்குள் கிடக்கின்றன. ஊருக்கு ரயில் கிடையாது. குளிர்காலத்தில் மூடிவிடுகிறார்கள். கார் இல்லாதவர் எப்படிப் பார்ப்பது? இவ்வளவு முக்கியமான பொருளை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்திருந்தால் லட்சக்கணக்கானோர் காசில்லாமல் பார்த்திருப்பார்கள்.

நெய்தல்:
அண்ணே, அது பொருள் இல்லை, தரை. வீனஸ் என்ற ரோமானியக் காதல் தேவதையின் பெயரில் வீனஸ் அறை என்று சொல்கிறார்களே, அங்கே ஒரு பக்கம் தரை இடிந்து விழுந்திருக்கிறது, கவனித்தீர்களா? அந்த இடைவெளி வழியாகக் கீழே பார்த்தால் தரையைத் தாங்கிய சின்னத் தூண்களும், அடுப்பிலிருந்து வந்த சூடான காற்று ஓடிய இடமும் தெரிகின்றன. நான்காம் நூற்றாண்டில் குளிர்காலத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்குப் பலகையே தேவையில்லை. அந்தத் தரைப் படத்தைப் பெயர்த்து லண்டன் சுவரில் மாட்டினால் தூண்களும் கூட வருமா?

சாலைவாசி:
தூண்களை மாதிரி செய்து வைக்கலாம், வரைபடம் போடலாம். ஈரத்தை என்ன செய்வது? மண்ணோடு ஒட்டிய தரையில் ஈரம் ஏறும், உப்பு பூக்கும், பாசி பிடிக்கும். பெரிய மியூசியத்தில் இதைக் கவனிக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். உணர்ச்சி வேறு, பாதுகாப்பு வேறு.

பழம்பானை:
லண்டனுக்குப் போன தரைக்கு என்ன ஆனது என்பதையும் பேசுவோம். டார்செட்டில் ஹின்டன் செயின்ட் மேரி கிராமத்தில் 1963-ல் ஒரு மொசைக் கிடைத்தது. நடுவில் ஒரு முகம், பின்னால் கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள், இருபுறமும் மாதுளம்பழம். கிறிஸ்துவின் மிகப் பழைய உருவங்களில் ஒன்று என்று பலர் கருதுகிறார்கள். பிரிட்டிஷ் மியூசியம் அதை வாங்கிக்கொண்டு போனது. அப்புறம் பல வருடம் காட்சிக்கு இருந்தது அந்த நடு வட்டம் மட்டும்தான். அடுத்த அறைப் பகுதியில் கிரேக்கப் புராண வீரன் பெலரோஃபோன் கிமேரா என்ற கொடிய விலங்கைக் கொல்லும் காட்சி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், கிறிஸ்தவரான ஒரு வீட்டுக்காரர் பழைய புராணத்தையும் ஏன் விடவில்லை என்ற கேள்வியே எழும். நடுவட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வரும்?

சாலைவாசி:
அது அந்த மியூசியம் காட்சிக்கு வைத்த முறையின் குறை. பெயர்த்து எடுத்தது தவறு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சரி, நம் ஊரையே பாருங்கள். அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானியப் பானை ஓடுகள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதனால்தான் பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பார்க்க முடிகிறது.

பழம்பானை:
ஓடு என்பது எடுத்துப் போகக்கூடியது. இத்தாலியில் சுட்ட அரிட்டைன் கிண்ணம் அரிக்கமேடு வரை கப்பலில் வந்த சரக்கு, அதைப் புதுச்சேரியில் வைத்தால் பெரிதாக எதுவும் குறையாது. ஆனால் அரிக்கமேட்டுக்கே போனவர் மரங்களையும் பாழடைந்த சுவரையும் பார்த்துவிட்டு, இங்கே என்ன நடந்தது என்று தெரியாமலேயே திரும்புகிறார். பிக்னோரில் அந்த நிலைமை இல்லை.

நெய்தல்:
அதே வீனஸ் அறையில், கீழே வரிசையாக இருக்கும் குட்டிச் சிறகுக்காரர்களைப் பார்த்தீர்களா? கிளாடியேட்டர் (ரோமானிய அரங்கச் சண்டைக்காரர்) வேடத்தில் மன்மதன்கள். ஒருவன் சண்டைக்குத் தயாராகிறான், ஒருவன் வலையோடு பாய்கிறான், ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான், பக்கத்தில் கோலோடு பயிற்சியாளர். குனிந்து நிதானமாகப் பார்த்தால்தான் ஒவ்வொருவர் நிலையும் புரியும். பிரிட்டிஷ் மியூசியக் கூட்டத்தில் அந்த நிதானம் கிடைக்காது. வெளியே வந்தால் சவுத் டவுன்ஸ் மலைச்சரிவு. சிசெஸ்டரிலிருந்து லண்டனுக்குப் போன ரோமானியச் சாலை அதன் வழியாகத்தான் போனது. விளைந்ததை விற்கச் சந்தைக்கு வழி இருந்ததால்தான் இந்த வீட்டுக்காரருக்கு இப்படித் தரை போடப் பணம் வந்திருக்கும் என்று அங்கே நின்றால் தோன்றுகிறது.

சாலைவாசி:
கார் வைத்திருப்பவருக்கு எல்லாம் தோன்றும், தம்பி. என் அம்மாவுக்கு மூட்டுவலி, ரயிலில் இறங்கி டாக்ஸி பிடித்து அவ்வளவு தூரம் வர முடியாது. கிரேக்கக் கதையில் வரும் கனிமீட் என்ற இடையனைக் கழுகு தூக்கிப்போகும் படம் பிக்னோரில் இருக்கிறதே, அதைப் பார்க்க அவருக்கும் உரிமை உண்டு. சிவப்புத் தொப்பியும் பயந்த முகமுமாக அந்த இடையன்... அதை அவருக்கு மொபைலில்தான் காட்டினேன்.

நெய்தல்:
அம்மா விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அதற்குக் கோடையிலாவது அம்பர்லி ஸ்டேஷனிலிருந்து ஒரு வேன் விடச் சொல்லிக் கேட்போம். மார்ச்சில் திறக்கும்போது நானும் கடிதம் எழுதுகிறேன். தரையைத் தோண்டி எடுப்பதற்கு மட்டும் என் ஓட்டு கிடையாது.