போலீஸ் எடுத்த போட்டோ, லாட்ஜ்ல குடுத்த ஆதார், பேங்க்ல வச்ச கைரேகை: உங்க அனுபவம் சொல்லுங்க

செகண்ட்ஷோ:
நைட் ஷோ முடிஞ்சு வந்துட்டு இருந்தேன், பாலத்துக்கு அடியில செக்கிங். லைசென்ஸ் ஆர்.சி. எல்லாம் காட்டியாச்சு, ஊதவும் சொன்னாங்க ஊதியாச்சு, கிளம்பலாம்னு பாத்தா ஒரு கான்ஸ்டபிள் போன தூக்கி "மாஸ்க்க இறக்கு, நேரா பாரு"ன்னு டக்குனு ஒரு போட்டோ. எதுக்கு சார்னு கேட்டேன். "தப்பு பண்ணலன்னா ஏன் தம்பி பயப்படுற"ன்னாரு. பழைய கேஸ்ல இருக்கிறவங்க முகத்தோட நம்ம முகத்த ஒப்பிட்டுப் பாக்குற ஆப்பாம் அது. சரி, ஒத்துப் போகலன்னா என் போட்டோ என்ன ஆகுது, அழிக்கிறாங்களா வச்சுக்கிறாங்களா? அவருக்கே தெரியல பாவம். 2024 மே மாசம் தமிழ்நாடு போலீஸோட இதே முக அடையாள போர்ட்டல்ல எவனோ உள்ள பூந்து டேட்டா எடுத்தது ஞாபகம் இருக்கா, அட்மின் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் போயிடுச்சுன்னு அவங்க தரப்புலயே சொன்னாங்க. அதான் கேக்குறேன், உங்களுக்கு இந்த மாதிரி என்னென்ன நடந்திருக்கு?

சார்மினார் டீ:
ப்ரோ இது பரவால்ல. நான் ஹைதராபாத்ல வேலை பாத்தப்ப, 2021 அக்டோபர்னு நினைக்கிறேன், ரோட்ல போறவன் வர்றவன நிறுத்தி போன வாங்கி வாட்ஸ்அப்ல 'கஞ்சா'ன்னு தேடிப் பாத்த வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு. எங்க ரூம்ல அன்னிக்கு நைட்டே எல்லாவனும் காலேஜ் குரூப்ப உக்காந்து கிளீன் பண்ணானுங்க, கஞ்சா இல்லடா, அதுல இருந்த அரசியல் மீம்ஸ்க்கு பயந்து. அதே ஊர்லதான் கொரோனா டைம்ல ஒருத்தர நிறுத்தி மாஸ்க்க கழட்டச் சொல்லி போட்டோ எடுத்து, அவரு விடாம தெலங்கானா ஹைகோர்ட் வரைக்கும் போனாரு.

ஜெராக்ஸ் பேப்பர்:
போலீஸ விடுங்க, நம்ம நெட் சென்டர் அண்ணன் கம்ப்யூட்டர பாத்திருக்கீங்களா. டெஸ்க்டாப் பூரா ஆதார் பி.டி.எஃப்.தான், எங்க தெருவே அதுல இருக்கு. பாஸ்வேர்ட் இருக்கேன்னு கேக்காதீங்க, பேரோட முதல் நாலு எழுத்து, அப்புறம் பொறந்த வருஷம், அவ்ளோதான், அதையும் ஃபைல் பேருலயே போட்டு வச்சிருக்காரு மனுஷன். ஒரு தடவ டீக்கடைல வடைய சுத்திக் குடுத்த பேப்பர்ல ஒரு அம்மாவோட ஆதார், போட்டோ அட்ரஸ் எல்லாம் தெளிவா இருக்கு, எண்ணெய் பட்ட எடத்த தவிர. லாட்ஜ்ல மாஸ்க்ட் ஆதார் (கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுறது) நீட்டினா ரிசப்ஷன்ல "இது செல்லாது சார், ஒரிஜினல் குடுங்க"ங்கறான். அவன சொல்லியும் குத்தமில்ல, 2022 மே மாசம் ஆதார் ஆபீஸே ஜெராக்ஸ கண்டவங்ககிட்ட குடுக்காதீங்க, மாஸ்க்ட் குடுங்கன்னு அறிக்கை விட்டுட்டு ரெண்டே நாள்ல அத வாபஸ் வாங்கிட்டாங்களே 😂

வைகைக்கரை:
எங்க அப்பத்தாவுக்கு நூறு நாள் வேலைக் காசு வர்ற அக்கவுண்ட்டு. கைரேகை வச்சு காசு எடுக்குற மிஷினுக்கு ஓ.டி.பி.யும் கெடையாது கார்டும் கெடையாது, ஆதார் நம்பரும் ரேகையும் இருந்தா போதும். எவனோ வெளிமாநிலத்துல இருந்து உருவிட்டான். மெசேஜ் வந்த நம்பர் செத்துப்போன எங்க தாத்தாவோடது, யாரு பாக்குறது. பேங்க்ல கேட்டா "ரேகை வச்சுத்தானம்மா எடுத்திருக்கு"ன்னு அப்பத்தாவயே சந்தேகமா பாக்குறாங்க. பத்திரத்துல இருக்குற ரேகைய காப்பி எடுத்து ரப்பர்ல அச்சு வார்த்து இப்படி பண்றானுங்கன்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. நம்ம தப்பு இல்லாம போன காசுக்கு மூணு வேல நாளுக்குள்ள புகார் குடுத்தா பேங்க்தான் பொறுப்புன்னு 2017லயே ரிசர்வ் பேங்க் சுற்றறிக்கை இருக்கு, அத பிரிண்ட் எடுத்துட்டுப் போய் மேஜைல வச்ச பொறவுதான் மனு வாங்குனாங்க. பயோமெட்ரிக்க லாக் பண்ணுங்கன்னு எல்லாரும் சொல்றாக, லாக் பண்ணா ரேஷன் கடைல ரேகை விழாதுய்யா! மாசாமாசம் தொறந்து மூடணும், அதுக்கு மட்டும் ஓ.டி.பி. கேக்கும்.

திண்ணைப்பேச்சு:
எங்க அப்பா ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். "உங்க ஆதார்ல வாங்குன சிம்ல சட்டவிரோத பணப் பரிமாற்றம், நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க"ன்னு வீடியோ கால், பின்னாடி யூனிஃபார்ம், வாக்கி டாக்கி சத்தம். கதவ சாத்திக்கிட்டு காலைல இருந்து சாப்பாடு இல்லாம உக்காந்திருக்காரு, அண்ணி ஜன்னல் வழியா பாத்து சத்தம் போட்டதுலதான் கட் ஆச்சு. நல்லவேளை பணம் போகல. அப்பா, அப்படி ஒரு அரெஸ்ட்டே சட்டத்துல கெடையாது, பிரதமரே 2024ல ரேடியோல சொன்னாரேன்னு கேட்டேன். அவரு சொன்ன பதில் இன்னும் மண்டைல ஓடுது. "என் ஆதார் நம்பர், பென்ஷன் அக்கவுண்ட், உன் கம்பெனி பேரு எல்லாம் சொன்னான்டா. கவர்மெண்ட்டுக்குத் தவிர யாருக்குத் தெரியும்?" ஜெராக்ஸ் பேப்பர் சொன்ன வடை கதைய படிச்சதும் இதான் ஞாபகம் வந்துச்சு. யூனிஃபார்ம் போட்டவன் கேட்டா காரணம் கேக்காம குடுக்கணும்னு நிஜ ஆபீசரே நம்மள பழக்கி விட்டுட்டாங்க, திருடனுக்கு வேல பாதி முடிஞ்சுது. வீட்ல பெரியவங்க இருந்தா சைபர் மோசடிக்கு புகார் குடுக்குற 1930 நம்பர போன்ல சேவ் பண்ணிக் குடுங்க, எவ்ளோ சீக்கிரம் கூப்பிடறீங்களோ அவ்ளோ நல்லது.

வாய்தா:
செகண்ட்ஷோ தம்பி, நீங்க கேட்ட கேள்விய நான் ஆர்.டி.ஐ.லயே (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) கேட்டேன், எங்க மாவட்டத்துல எடுக்குற போட்டோவ எத்தன நாள் வச்சிருப்பீங்க, எந்த சட்டப்படின்னு. "விசாரணை நலன் கருதி தர இயலாது", ஒரே வரி. அப்பீல் போட்டு காத்துட்டு இருக்கேன். தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017ல ஒன்பது நீதிபதிகள் ஒருமனதா சொன்னது இருக்கு. போன் ஒட்டுக் கேக்குறதுல கூட சும்மா குற்றம் கண்டுபிடிக்கன்னு கேக்க முடியாது, பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இருக்கணும்னு 2025 ஜூலைல நம்ம சென்னை ஹைகோர்ட் ஒரு உத்தரவயே ரத்து பண்ணுச்சு. ஆனா 2023ல வந்த டேட்டா சட்டத்த பாருங்க, கம்பெனி கோட்டை விட்டா 250 கோடி வரைக்கும் அபராதம், அரசு அமைப்புன்னா அறிவிக்கை போட்டு விலக்கு குடுத்துக்கலாம். கூடவே ஆர்.டி.ஐ.ல தனிநபர் தகவல் பிரிவயும் இறுக்கிட்டாங்க.

ரீசார்ஜ்:
மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி ஆப்ப எல்லா புது போன்லயும் கட்டாயம் போடணும்னு உத்தரவு போட்டு, சத்தம் கிளம்பினதும் 2025 டிசம்பர்ல வாபஸ் வாங்குனாங்கல்ல. கட்டாயத்துக்கு நானும் எதிர்ப்புதான். ஆனா அதோட வெப்சைட்ல உங்க பேர்ல எத்தன சிம் இருக்குன்னு பாக்கலாம், அத மட்டும் ஒரு தடவ பாத்துருங்க. என் பேர்ல நான் கண்ணால பாக்காத ஒரு நம்பர் ஓடிட்டு இருந்துச்சு.

திண்ணைப்பேச்சு:
அப்பாவுக்கும் பாத்தேன், ரெண்டு கூடுதலா காட்டுது. உங்களோடத கட் பண்ணாங்களா?

ரீசார்ஜ்:
'என் நம்பர் இல்லை'ன்னு குடுத்தாச்சு. இன்னும் பரிசீலனைலதான் இருக்காம். அந்த நம்பருக்கு கூப்பிட்டுப் பாத்தா ரிங் போகுது.