மறுமொழி: ‘நிலைப்பொருள்’ வேண்டாம், ‘அகநிரல்’ என்போம்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் கையேட்டின் அருகலை (வைஃபை) அத்தியாயத்தைப் பற்றித் தேவகோட்டை அண்ணன் எழுதிய மடலுக்கு இது பதில். ஒரு சாதனத்துக்குள்ளேயே ஓடி அதை இயங்க வைக்கும் நிரலான ‘ஃபர்ம்வேர்’ என்பதற்கு ‘நிலைப்பொருள்’ என்ற சொல் ஏற்கெனவே வழங்குகிறது, மென்பொருள், வன்பொருள் என்ற வரிசையில் அதுவும் பொருந்தி நிற்கிறது, பிறகு ஏன் அதைக் கலைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். கலைத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

காரைக்குடியில் நாங்கள் நடத்தும் வகுப்புக்குக் கோட்டையூரிலிருந்து ஒரு மாணவி பழைய மடிக்கணினியுடன் வந்தார். லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான டெபியன் 11 நிறுவியிருந்தார். திரை, ஒலி, தமிழ்99 விசைப்பலகை எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. அருகலைப் பட்டியல் மட்டும் வெறுமையாக இருந்தது. ‘நிலைப்பொருள் இல்லாததால் அருகலை அட்டை இயங்கவில்லை’ என்று ஏதோ ஒரு தமிழ்க் குறிப்பில் படித்திருக்கிறார். அட்டையில் நிலையாகப் பதிந்திருக்க வேண்டிய ஒன்று அழிந்துவிட்டது, இனி அட்டை உதவாது என்று முடிவு செய்து, புதிய அட்டைக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லைச் சரியாகத்தான் படித்தார். சொல்தான் அவரைத் தவறான இடத்துக்கு அனுப்பியது.

இயங்குதளத்தின் மையமான கருனியின் (கெர்னல்) பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். இயக்கி, அதாவது அட்டையோடு பேசும் கணினிப் பக்கத்து நிரல் (டிரைவர்), அட்டையை அடையாளம் கண்டிருக்கிறது. அதற்குரிய கோப்பைக் கேட்டிருக்கிறது. அடுத்த வரியில் பிழை எண் -2. லினக்ஸில் இந்த எண்ணுக்கு ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்பதே பொருள். அட்டை பழுது என்பதல்ல. கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்து, அந்தக் கோப்பு அடங்கிய பொதியை (பேக்கேஜ்) நிறுவி, கணினியை மறுபடி தொடங்கினோம். அக்கம்பக்கத்து அருகலைப் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒரு பைசா செலவில்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். இன்றைய அருகலை அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு சிறு செயலியும் கொஞ்சம் நினைவகமும் உண்டு. அந்தச் செயலியில் ஓடுவதுதான் நாம் பேசும் நிரல். அது ஏன் அட்டைக்குள்ளேயே ஓட வேண்டும்? ஒரு தரவுச் சட்டகம் (காற்றில் ஒரு தடவையில் வரும் தரவுத் துண்டு) வந்து சேர்ந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 10 மைக்ரோ விநாடியிலும் 5 கிகாஹெர்ட்ஸில் 16 மைக்ரோ விநாடியிலும் ‘கிடைத்தது’ என்ற பதில் கிளம்பிவிட வேண்டும். நூறு வேலைகளுக்கு நடுவில் இருக்கும் கணினியின் செயலியை இதற்கு நம்ப முடியாது. அட்டைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த நிரல் அட்டையில் நிலைத்திருப்பதில்லை. மின்சாரம் நின்றால் அதன் நினைவகம் காலி. ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் இயக்கி வன்தட்டிலிருந்து கோப்பை எடுத்து அட்டைக்குள் ஏற்றுகிறது. அன்றாடம் புதிதாக ஏற்றப்படும் ஒன்றை ‘நிலை’ என்று எப்படிச் சொல்வது?

மூலச் சொல்லுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற வாதமும் இங்கே நிற்காது. 1967இல் கணினி அறிஞர் ஆஷர் ஒப்லர் ‘ஃபர்ம்வேர்’ என்று எழுதியபோது குறித்தது செயலியின் நுண்கட்டளைகளை (மைக்ரோகோடு), அதாவது செயலியின் உள்வேலையை நடத்தும் அடிப்படைக் கட்டளைகளை. அவை இருந்த நினைவகமும் மாற்றி எழுதத்தக்கதே. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டது என்பதுதான் அவர் கருத்து. ‘அசையாதது’ என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதை நாம் தமிழில் சொல்லின் தலையிலேயே ஏற்றி வைத்திருக்கிறோம்.

என் பரிந்துரை ‘அகநிரல்’. எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை விட்டுவிட்டு, எங்கே ஓடுகிறது என்பதைச் சொல்கிறது: சாதனத்தின் அகத்தே ஓடும் நிரல். நிரந்தரமாகப் பதிந்த நிரலுக்கும் இது பொருந்தும். ‘இயக்கி’ கணினியின் பக்கம் நிற்கிறது, ‘அகநிரல்’ சாதனத்துக்குள் இருக்கிறது என்று மாணவர்களுக்கு ஒரே மூச்சில் விளக்கிவிடலாம். நம் ஊர் வீட்டுக் கணக்கில் சொன்னால், விருந்தாளி வந்துவிட்டார், முகப்பில் வரவேற்கவும் ஆள் இருக்கிறது, உள்கட்டுக்குச் சமையல்காரர் வரவில்லை. இலை போட முடியாது. அந்த மாணவியின் கணினியில் நடந்தது அதுதான்.

‘தளநிரல்’ என்று நம் குழுவின் அக்கா முன்வைத்ததையும் யோசித்துப் பார்த்தேன். நல்ல சொல்தான். ஆனால் ‘இயங்குதளம்’ பக்கத்திலேயே இருப்பதால், புதியவர்கள் இதை இயங்குதளத்தின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்வார்கள். ‘சாதன நிரல்’ என்றால் ‘சாதன இயக்கி’யோடு குழம்பும்.

இது வெறும் சொல்லாசை இல்லை. டெபியன் திட்டத்தினர் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, கட்டற்றவை அல்லாத, அதாவது பிறர் தடையின்றி மாற்றவோ பகிரவோ உரிமை தராத அகநிரல்களையும் நிறுவல் வட்டில் சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் அவற்றுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. இயக்கியின் மூலநிரல் (மனிதர் எழுதிய வடிவிலான நிரல், சோர்ஸ் கோடு) நம் கையில் இருக்க, அட்டைக்குள் ஓடுவதன் மூலநிரல் பல நிறுவனங்களிடம் பூட்டியே கிடக்கிறது. கட்டற்ற மென்பொருள் பேசுபவர்களுக்கு இது பெரிய கேள்வி. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெளிவான பெயர்கள் இல்லாமல் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கவே முடியாது.

கையேட்டுக்கு நான் எழுதியிருக்கும் வரிகள் இவை:

“அகநிரல் கோப்பு கிடைக்கவில்லை. அட்டையில் பழுது இல்லை. உரிய பொதியை நிறுவிக் கணினியை மறுபடி தொடங்கவும்.”

பழைய சொல்லைத் தேடி வருபவர்களுக்காக, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘நிலைப்பொருள் என்றும் வழங்கும்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து